தோல் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(பாடாலூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோல் பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து செய்து அதில் மயிலும் மாங்காயும் அச்சுப் பதித்து விற்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது நம் வட்டாரத்தில் இன்னும் சில குழுக்கள் இந்தத் தொழிலுக்கு வர யோசிக்கிறார்கள். "அச்சு எங்கே வாங்குறது, எவ்வளவு லாபம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தோல் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் அன்றைக்குக் கேட்கவில்லை. அதனால் பட்டதைத்தான் முதலில் சொல்லப் போகிறோம்.

பயிற்சி முடித்த கையோடு வங்கிக் கடனில் 38,000 ரூபாய் எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் வெளியூர் போனோம். ஒரு வியாபாரியிடம் "நல்ல தோலா குடுங்கண்ணே" என்று கேட்டோம். அவரும் பளபளவென்று, கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்குகிற தோலை எடுத்துப் போட்டார். பார்க்க அழகாக இருந்தது. பில் கேட்கவில்லை. ஒரு துண்டு வெட்டிச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் வந்து நனைத்து அச்சு வைத்து அடித்தோம். மயில் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் தோகையைக் காணோம்! தோல் உப்பி எழுந்து பழையபடி ஆகிவிட்டது. மீண்டும் அடித்தோம், மீண்டும் மறைந்தது. கண்காட்சிக்கு 16 நாள்தான் இருந்தது. அச்சு பழுது என்று ஒருத்தர், அடித்த கை பழுது என்று ஒருத்தர் என்று எங்களுக்குள்ளேயே சண்டை. அந்த மாதம் இரண்டு பேரால் தவணை கட்ட முடியவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டோம். அதைத் தீர்மான நோட்டில் எழுதும்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு அக்கா எழுந்து போய்விட்டார். குழு உடையப் போகிறது என்றுதான் நினைத்தோம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. எங்களில் ஒருவரின் மாமியார், "தோலைத் தொட்டுட்டு வந்து அடுப்படியில நுழையாதே, வாசல்லயே குளிச்சிட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். நஷ்டம் என்று தெரிந்ததும் "சொன்னேனா இல்லையா" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் பஸ் நிற்கும் இடத்தில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். தோல் துண்டை எடுத்துக்கொண்டு போய், "தாத்தா, இதுல என்ன கோளாறு?" என்றோம். விரலை நனைத்து ஒரு சொட்டு வைத்தார். சொட்டு உருண்டு அப்படியே நின்றது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார், கோடு நிற்கவில்லை. வெட்டிய ஓரத்தைக் காட்டினார். நடுவில் லேசான நீலச் சாம்பல் நிறம். "இது குரோம் தோலும்மா. நல்ல தோல்தான். ஆனா நீங்க செய்யற வேலைக்கு ஆகாது. உங்களுக்குப் பட்டைத் தோல் வேணும்" என்றார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவரைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டும் உட்காரத் தயங்கினார். தோல் வேலை செய்கிறார் என்பதற்காக ஊர் வெளியே நிறுத்திய ஆளிடம்தான் நாங்கள் பாடம் படிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத் தேநீர் கொடுத்தது அந்த மாமியாரின் மருமகள்தான். இப்போது தோல் வாங்கப் போகும்போதெல்லாம் அவரையும் அழைத்துப் போகிறோம். வழிச்செலவும் ஒரு நாள் கூலியும் கணக்கில் எழுதிக் கொடுக்கிறோம்.

குரோம் தோலுக்கும் பட்டைத் தோலுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதைப் பதம் செய்ய வேண்டும். குரோமியம் உப்பில் பதம் செய்தால் சீக்கிரம் முடியும், மெதுவாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும். உலகத்தில் இன்று பெரும்பாலான தோல் அப்படிப் பதம் செய்ததுதான். மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் ஊறவைத்துப் பதம் செய்வது இன்னொரு வழி. அந்தத் தோல் தண்ணீரைக் குடிக்கும், நனைந்தால் களிமண் மாதிரி அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், காய்ந்தால் அப்படியே நிற்கும். அச்சு வேலைக்கும் செதுக்கு வேலைக்கும் அதுதான் வேண்டும்.

இது நம்ம ஊர்த் தொழில் என்பது பலருக்குத் தெரியாது. காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு சேர்த்துக் கட்டுகிறோமே ஆவாரம்பூ, அந்த ஆவாரஞ் செடியின் பட்டையும் கடுக்காயும்தான் பழைய முறை. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வாட்டில் பட்டைச் சாறும் சேர்ந்தது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தோல் ஷாப்புகளில் இப்படிப் பதமான தோல் 'ஈ.ஐ. லெதர்', அதாவது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கப்பலேறிப் போனது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. நம் திருச்சியில் செம்பட்டு தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன இடம். சென்னையில் பெரியமேடு. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு நாங்கள் எங்கெங்கோ போனோம்.

நம்ம மாவட்டத்தில் எறையூர் சிப்காட்டில் 2023-ல் பெரிய காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறதே, அங்கே கழிவுத் தோல் கிடைக்குமா என்று சிலர் கேட்டார்கள். அங்கே செய்வது தோல் இல்லாத காலணி. அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம்.

இனி வாங்கும் விதம். கடையில் போய் "நல்ல தோல்" என்று கேட்கவே கேட்காதீர்கள். "அச்சு வேலைக்குப் பட்டைப் பதம், சாயம் போடாதது, மேல் பூச்சு இல்லாதது" என்று கேளுங்கள். பழுப்பு நிறமாக இருந்தால் பட்டைத் தோல் என்று நம்பிவிடக் கூடாது, குரோம் தோலுக்கும் பழுப்புச் சாயம் ஏற்றுவார்கள். தாத்தா செய்த மூன்று சோதனையையும் செய்யுங்கள். சொட்டு நீர் உள்ளே இறங்கி அந்த இடம் கருக்க வேண்டும். நகத்தின் கோடு நிற்க வேண்டும். வெட்டிய ஓரம் மேலிருந்து கீழ்வரை பழுப்பாக இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் நூல் அளவு துண்டைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். குரோம் தோல் சாம்பலில் பச்சை நிறம் தட்டும். பிளவுத் தோல் என்று ஒன்று உண்டு. மாட்டுத்தோலை இரண்டாகச் சீவி, மேல்பக்கம் போன பிறகு மிஞ்சும் அடிப்பக்கம் அது. மேலே பூச்சு போட்டால் புதுசு மாதிரி தெரியும். அதில் அச்சு கூர்மையாக வராது. ஓரத்தை உற்றுப் பார்த்தால் பூச்சு தனியாக, நார் தனியாகத் தெரியும்.

அடுத்து, தோலின் எந்தப் பாகம் என்று பாருங்கள். முதுகும் பின்பக்கமும் நெருக்கமாக, கெட்டியாக இருக்கும். பெல்ட் அதில்தான் வெட்ட வேண்டும். கழுத்தில் சுருக்கம் இருக்கும், ஆனால் அச்சு நன்றாக வாங்கும். வயிற்றுப் பக்கம் தொளதொள என்று இழுபடும், சின்னச் சாமானுக்குத்தான் ஆகும். பெல்ட்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் வேண்டும். பர்ஸுக்கு ஒன்று, ஒன்றேகால் போதும்.

தழும்புகளையும் எண்ணுங்கள். இதில் ஒரு விஷயம். நம்மில் முக்கால்வாசிப் பேர் மாடு வைத்திருக்கிறோம், பால் ஊற்றுகிறோம். மாட்டுக்கு நோய் என்றால் சூடு போடுகிறோம், உண்ணியைக் கவனிக்காமல் விடுகிறோம், முள்கம்பியில் உரச விடுகிறோம். அத்தனையும் தோலில் அப்படியே நிற்கிறது. மேசையில் தோலை விரித்தபோது வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. எங்களில் ஒருவர், "எங்க வீட்டுச் செவலைக்கும் இதே இடத்துலதான் போட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

விலைக்கு வருவோம். தோலைச் சதுர அடிக்கு விற்பார்கள், நாம் பேச்சில் 'அடி' என்போம். தோலின் பின்பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். 18 என்று எழுதி மேலே சின்னதாக 2 போட்டிருந்தால் பதினெட்டும் இரண்டு கால் அடியும், அதாவது பதினெட்டரை. எங்களுக்கு முதலில் இது தெரியாமல் விழித்தோம். நம்பிக்கை இல்லாவிட்டால் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போட்ட பழைய சாக்குத் துணியை விரித்து மேலே போட்டு எண்ணுங்கள். ஓரத்துக் கட்டங்களைப் பாதி பாதியாகச் சேர்த்தால் ஏறத்தாழ வந்துவிடும்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறோம், இது சந்தை விலை இல்லை. 20 அடித் தோல், அடி 100 ரூபாய் என்றால் 2,000. அதில் ஓட்டை, தழும்பு, தொளதொளப்பு போக 12 அடிதான் தேறும் என்றால் உங்களுக்கு விழுந்த விலை அடிக்கு 166 ரூபாய்க்கு மேல். அதே அளவு, அடி 130 ரூபாய், மொத்தம் 2,600. அதில் 18 அடி தேறினால் அடி 145-க்கும் கீழே. எது மலிவு? 'டி.ஆர்.' என்று சொன்னால் தரம் பிரிக்காத கலப்பு அடுக்கு என்று அர்த்தம். அதில் மேலே இருக்கும் நாலு தோலை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள், அடியில் கையை விடுங்கள். சாவிக்கொத்துக்கு முழுத் தோல் வேண்டியதே இல்லை. வெட்டுத் துண்டு கிலோக் கணக்கில் கிடைக்கும்.

ரொம்பவும் அடித்துப் பேசி வாங்குவதையும் நாங்கள் சரி என்று சொல்ல மாட்டோம். 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புக் கழிவு பற்றித் தீர்ப்புச் சொன்னபோது அன்றைய வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், செங்கல்பட்டு பக்கத்து மாவட்டங்களோடு நம் திருச்சியும் அதில் இருந்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் என்று உத்தரவு. கழிவு நீரைச் சுத்தம் செய்யச் செலவாகும், அது தோல் விலையில் வரும். யாரோ ஊர்க் கிணறு கெட்டு நமக்கு அடிக்குப் பத்து ரூபாய் மிச்சமாக வேண்டுமா?

தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: வங்காளத்தில் சாந்திநிகேதன் தோல் பை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரவீந்திரநாத் தாகூரின் மகனும் மருமகளும் ஊன்றிவிட்ட தொழில் அது. தாவரப் பதம் செய்த ஆட்டுத் தோலில் அச்சும் வண்ணமும். இன்றும் விற்கிறது, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

வாங்கி வந்த பிறகும் கவனம் வேண்டும். மடிக்காதீர்கள், சுருட்டி வையுங்கள். வெயிலில் போட்டால் கருக்கும், ஈரத்தில் வைத்தால் பூசணம் பிடிக்கும். நனைக்க இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுப்புப் புள்ளி விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். பிளாஸ்டிக் வாளி போதும்.

அந்த 38,000 ரூபாய்த் தோல் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வியாபாரி மாற்றித் தரவில்லை. பில் இல்லாததால் எங்களால் பேசவும் முடியவில்லை. அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். அச்சு இல்லாத சாதாப் பர்ஸாகத் தைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றோம். முதல் திரும்ப 14 மாதம் ஆனது. எழுந்து போன அக்கா திரும்பி வந்துவிட்டார். இப்போது பில்லைச் சரிபார்க்கும் பொறுப்பு அவரிடம்தான்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் திருச்சிக்குத் தோல் வாங்கப் போகிறோம். நாலைந்து குழு சேர்ந்தால் ஒரே அடுக்கிலிருந்து பொறுக்கி எடுக்கலாம், வண்டிச் செலவும் பங்கு பிரியும். என்ன சாமான் செய்யப் போகிறீர்கள், எத்தனை அடி வேண்டும், எவ்வளவு கனம் என்று எழுதி உங்கள் ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை ஒரு தோலுக்கு மேல் வாங்க வேண்டாம். தாத்தாவும் வருகிறார். காலை ஏழு மணிக்கு பஸ்.