நெல்லின் வாயிற்காவல்



மாந்தர் உடலுள் நோய் புகுந்தால் குருதியோட்டத்தில் வெள்ளணுக்கள் விரைந்து சென்று பொருதும். பயிருக்குக் குருதியும் இல்லை. ஓடிப் பொரும் படையும் இல்லை. வேரூன்றிய இடத்தை விட்டுப் பெயரவும் இயலாது. ஆதலின், 'செல்' என்று பள்ளிநூல்கள் எழுதும் கண்ணறை ஒவ்வொன்றும் தன் வாயிலைத் தானே காத்தாக வேண்டும். அக்காவல் நிகழும் வகையை நெற்பயிரில் தேடியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தைச் சேர்ந்த பமேலா ரொனால்டு என்னும் பெண் அறிஞர்.

நெல்லுக்கு இலைக்கருகல் என்றொரு நோய் உண்டு. நுண்ணுயிரி ஒன்று இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் புகுந்து நீர்க்குழல்களுள் பெருகும். இலை விளிம்பு மஞ்சள் பாய்ந்து, பின் வைக்கோலாய்க் காயும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டுநெல் ஒன்று இந்நோய்க்கு அசையாதிருந்ததைக் கட்டாக்கு நெல்லாய்வு நிலையத்தார் 1970களில் கண்டனர். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல்லாய்வு நிறுவனத்தார் அத்திறனைப் பன்முறை இனங்கலந்து வயல்நெல்லுக்குள் கொணர்ந்தனர். களையென்று உழவர் பிடுங்கி எறிந்த புல்லுக்குள் இருந்த செல்வம் அது!

அத்திறனைத் தரும் மரபீனியை (மரபணு என்பதும் இதுவே) 1995இல் ரொனால்டு குழுவினர் பிரித்தெடுத்தனர். 'எக்சு.ஏ.21' என்பது அதன் பெயர். அது ஆக்கும் புரதம் கண்ணறையின் புறச்சவ்வை ஊடுருவி நிற்கின்றது. வெளியே நீண்ட பகுதி பகையை உணர்கின்றது. உள்ளே நீண்ட பகுதி செய்தி சொல்கின்றது. திண்ணையில் கண்ணும் வீட்டுக்குள் வாயும் வைத்த காவலன் என்னலாம். இத்தகு காவல் ஈயினத்தில் 1996இலும் எலியில் 1998இலும் விளக்கம் பெற்றது. அவற்றைக் கண்டோர்க்கு 2011இல் நோபல் பரிசும் கிட்டிற்று. நெல்லில் கண்டது அவற்றுக்கு முந்தியது என்பதைப் பலர் நினைப்பதில்லை.

காவலன் எதனைக் கண்டு குரலெழுப்புகின்றான்? இதுவே அடுத்த வினா. நுண்ணுயிரியின் ஒரு புரதத்தைச் சுட்டி, 'இதுதான்' என்று ரொனால்டு குழுவினர் 2009இல் 'சயன்சு' ஆய்விதழில் எழுதினர். உலகமும் ஏற்றது. பின்னர் ஆய்வகத்திற் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் அவ்வாய்வுகளை மீண்டும் செய்தபோது அதே முடிவு வரவில்லை. துருவிப் பார்த்ததில், காத்துவைத்த நுண்ணுயிரி வகைகளுட் சில ஒன்றோடொன்று மாறிப்போயிருந்தன; நம்பியிருந்த ஓர் ஆய்வுமுறையும் நிலையற்றதென வெளிப்பட்டது.

வாயை மூடிக்கொண்டு வேறு வினாவுக்குப் போயிருக்கலாம். பிழையென்று தெரிந்த பின்னும் ஒரு சொல்லுக்குத் தாம் கண்ட வேர்மூலத்தைப் பதிப்புக்குப் பதிப்பு சுமந்து செல்லும் நூலாசிரியர்கள் எம்மொழியிலும் உண்டு. ரொனால்டு அவ்வழி செல்லவில்லை. 2013இல் அக்கட்டுரையையும், அதனைச் சார்ந்து 2011இல் வந்த மற்றொன்றையும் திரும்பப் பெற்றார்; பிழை நேர்ந்த வகையைப் பொதுமக்கள் படிக்குமாறு எழுதியும் வெளியிட்டார். பல்லாண்டு உழைப்பும் பெயரும் ஒருங்கே ஆட்டங்கண்ட வேளை அது.

தேடல் முதலிலிருந்து தொடங்கிற்று. ரோரி புரூயிட், பெஞ்சமின் சுவெசிங்கர் முதலியோர் உழைப்பால் 2015இல் உண்மை விடை கிட்டியது. 'ராக்சு எக்சு' என்னும் மிகச் சிறிய புரதம் அது. அதன்மேல் கந்தகச் சேர்மம் ஒன்று ஏறியிருந்தால்தான் காவலன் விழிக்கின்றான். அதன் ஒரு பகுதி, பயிர் தன் வளர்ச்சிக்கெனச் சுரக்கும் ஊக்கியை ஒத்திருப்பது வியப்பினும் வியப்பு. வீட்டாரின் குரலைப் போலிசெய்து கதவைத் தட்டுகின்றான் பகைவன். அப்போலியைக் கேட்டே அவனைப் பிடித்துவிடுகின்றான் காவலன்!

அப்புரதத்தின் அமைப்புச் சற்றே மாறிய நுண்ணுயிரி வகைகள் சில, இக்காவலனுக்குத் தப்பிவிடுவதும் அவ்வாய்விலேயே தெரிந்தது. ஒரே காவலனை நம்பலாகாது என்பதை நெல்வகை உருவாக்குவோர் முன்பே அறிந்திருந்தனர். தமிழக உழவர் 'ஆந்திரப் பொன்னி' என்றழைக்கும் சம்பா மசூரியில் எக்சு.ஏ.21ஓடு வேறிரு மரபீனிகளையும் இனக்கலப்பாலேயே சேர்த்து, ஐதராபாத்து ஆய்வாளர்கள் 2008இல் புதிய நெல்வகையொன்றை வெளியிட்டனர். காவலன் எதைக் கண்டு விழிக்கின்றான் என்பதை அன்று உலகில் எவரும் அறியார். அடுத்த ஆண்டு வந்த விடையோ பிழை. சரியான விடை வருமுன்னரே அந்நெல் ஏழாண்டு விளைந்துவிட்டது.