வலியில்லாமல் கொல்ல முடியுமா?

நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பெரிய விலங்கு துடுப்புத் திமிங்கலம். 2022-ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்தில் ஐஸ்லாந்துக் கடலில் இவற்றில் 148 கொல்லப்பட்டன. அவை எப்படி இறந்தன என்பதை அந்நாட்டின் உணவு, கால்நடை ஆணையம் ஆராய்ந்து, மறு ஆண்டு மே மாதம் அறிக்கை வெளியிட்டது. 36 திமிங்கலங்களை ஒரு முறைக்கு மேல் சுட வேண்டியிருந்தது. நேரம் கணக்கிடப்பட்டவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு உடனே இறந்தன. உடனே சாகாதவற்றில் பாதிக்கு உயிர் பிரிய 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு திமிங்கலம் இரண்டு மணி நேரம் போராடியது. முதுகில் ஈட்டி தைத்த இன்னொன்றை ஐந்து மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை.

திமிங்கலத்தைத் துன்பமின்றிக் கொல்ல வழி இருக்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் ஸ்வென்ட் ஃபோய்ன், முனையில் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையை உருவாக்கினார். 1980-களில் வெடிமருந்து இல்லாத ஈட்டியை வணிக வேட்டையில் பயன்படுத்தச் சர்வதேசத் திமிங்கல ஆணையம் தடை விதித்தது. அதன்பின் பென்த்ரைட் என்ற அதிவேக வெடிமருந்து வந்தது. 2011, 2012 ஆண்டுகளில் நார்வேயில் 271 மின்கே திமிங்கலங்களின் சாவைக் கணக்கிட்டபோது, 82 விழுக்காடு உடனே இறந்தது தெரிந்தது. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதற்காக உழைத்த கால்நடை மருத்துவர்களை மதிக்கிறேன்.

ஆனால் மீதி 18 விழுக்காட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். இறைச்சிக்கூடத்தில் மாடு அசையாமல் நிறுத்தப்படுகிறது. முதலில் அதன் நினைவை இழக்கச் செய்கிறார்கள். தவறினால், கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கருவி தயாராக இருக்கிறது. கடலில் கப்பல் ஆடுகிறது, அலை எழுகிறது, மூச்சு விட மேலே வரும் திமிங்கலம் சில நொடிகளில் மூழ்கிவிடுகிறது. குறி சற்றுப் பிசகினால், வெடித்த ஈட்டியும் கயிறும் உடலில் இருக்க, பீரங்கியில் மறு ஈட்டி ஏற்றும்வரை அது காத்திருக்க வேண்டும். அந்த விலங்கு செத்துவிட்டதா என்பதைக்கூட, கீழ்த்தாடை தளர்ந்ததா, துடுப்பு அசையவில்லையா என்று கப்பலிலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வேட்டைக்காரர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் கடலை அசையாமல் நிறுத்த அவரால் ஆகாது.

ஐஸ்லாந்தின் விலங்குநலச் சட்டம், கொல்லும்போது விலங்குக்குத் தேவையற்ற துன்பம் நேரக் கூடாது என்கிறது. அன்றைய வேட்டைமுறை அந்தச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அரசின் நிபுணர் குழு 2023 ஜூனில் கருத்துச் சொன்னது. அப்போதைய அமைச்சர் ஸ்வாண்டிஸ் ஸ்வாவர்ஸ்டோட்டிர் ஆகஸ்ட் இறுதிவரை வேட்டையை நிறுத்தி வைத்தார். செப்டம்பரில், கடுமையான புது விதிகளுடன் வேட்டை தொடங்கியது. அதே மாதத்தில், குறி தவறிச் சுடப்பட்ட ஒரு திமிங்கலத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துத்தான் இரண்டாம் ஈட்டி எய்யப்பட்டது. அந்தக் கப்பலின் வேட்டை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் ஐஸ்லாந்து அரசு ஐந்தாண்டு வேட்டை உரிமம் வழங்கியது.

வேட்டையை ஆதரிப்பவர்கள் ஒன்று கேட்கிறார்கள்: “வாழ்நாள் முழுவதும் கூண்டில் அடைபடும் பன்றியைவிட, கடலில் சுதந்திரமாகத் திரிந்து ஒரு நாள் சாகும் திமிங்கலம் மேல் இல்லையா?” நியாயமான கேள்விதான். பண்ணைக் கூண்டுகள் நம் எல்லோரையும் வெட்கப்பட வைக்க வேண்டும். ஆனால் பன்றிக்கு இழைக்கும் கொடுமை, திமிங்கலத்துக்கு இழைக்கும் கொடுமைக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. இரண்டையும் திருத்துவதுதான் அதற்கு விடை.

அலாஸ்காவின் இன்யூபியட் மக்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பனி சூழ்ந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வில்தலைத் திமிங்கலத்தை வேட்டையாடி, இறைச்சியை ஊரோடு பகிர்ந்து உண்கிறார்கள். அங்கும் திமிங்கலத்துக்கு வலிக்கும்; ஆயினும் அந்த வலிக்கு எதிரே மக்களின் உணவும் வாழ்வும் நிற்கின்றன. ஐஸ்லாந்துத் துடுப்புத் திமிங்கலத்தின் இறைச்சியோ பெரும்பாலும் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது. அதை உண்ணாவிட்டால் பட்டினி கிடப்பவர் எவரும் இல்லை. தேவை சுருங்கச் சுருங்க, நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய துன்பத்தின் அளவும் சுருங்கியாக வேண்டும்.

கருணையைச் சராசரியால் அளக்க முடியாது. நூற்றில் எண்பது உடனே இறந்தன என்பது, எஞ்சிய இருபதுக்கு எந்த ஆறுதலும் தராது. ஆகவே உரிமம் கேட்டு வருபவரிடம் அரசுகள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: நீங்கள் சுடப்போகும் அடுத்த திமிங்கலம் துன்பப்படாமல் சாகும் என்று உறுதி தர முடியுமா? இதுவரை எவராலும் அந்த உறுதியைத் தர முடியவில்லை. தர முடியாதவர்களுக்கு உரிமமும் தரக் கூடாது.