கூரையைப் பிரித்த நால்வர்



கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கி வந்ததையும், கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவரை இறக்கியதையும் மாற்கு நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆண்டவர் கண்டது தூக்கி வந்தவர்களுடைய நம்பிக்கையை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. காசநோயைப் பற்றிப் பேச வரும்போது நமக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சிற்றூர்கள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அங்கே ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை; ஒரு நாள் போனால் அன்றைய அடுப்பு எரியாது. சளிதானே, மிளகுக் கஷாயத்தில் போய்விடும் என்பார். சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க ஒரு நாள், முடிவு கேட்க இன்னொரு நாள் என்றால் அவர் போகவே மாட்டார். அதற்குள் ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகள் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்?

இப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் குணமாக்க முடியும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே ‘சானடோரியம்’ என்று பெயர் நிலைத்திருப்பது அந்தக் காலத்தின் அடையாளம். அந்த நம்பிக்கையைத் தகர்த்தது நம் சென்னை. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் அவை இல்லை. ஆனாலும் 1959-இல் வெளிவந்த முடிவு, குணமடைவதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதே காரணம்.

சிக்கலும் அந்த ‘ஒழுங்காக’ என்பதில்தான் இருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று பசி எடுக்கும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரக்கூடும். தினமும் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைக்க யார் இருக்கிறார்கள்? மலை ஊரில் டாக்டர் தினமும் வர முடியாது. அங்கன்வாடி அக்கா வரலாம், மளிகைக் கடைக்காரர் வரலாம், நோயிலிருந்து மீண்ட ஒருவர் வரலாம். அவர்களே நமது நால்வர்.

கூரையைப் பிரிக்கும் கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே உண்டு. பேட்டரியில் இயங்கும் ட்ரூநாட் கருவி சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். கருவி ஊருக்கு வந்தாலும், “வா, நானும் கூட வருகிறேன்” என்று வீட்டு வாசலில் நின்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும்.

கொல்லிமலை அப்படிப்பட்டவர்களை முன்பே கண்டிருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் ஊர் ஊராக நடந்து மருத்துவம் செய்தவர்கள். ஜெஸ்ஸி 1929-இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் அந்த மலைக்கே திரும்பிப் போனார். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். அதனால் என்ன?

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயாக இருந்து, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாத பாட்டிக்கு யார் கூடப் போய்த் தொடங்கிக் கொடுப்பது?

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைக்கும் வீடுகள் மலையில் மட்டுமா இருக்கின்றன? நம் பங்கிலும் இருக்கின்றன. திருப்பலியில் யாராவது இருமினால் நாம் திரும்பிப் பார்த்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இந்த வாரம் அப்படி ஒருவரை அழைத்துக்கொண்டு போவோம். வரிசையில் அவரோடு நாமும் நிற்போம்.