கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்

 

போன கோடையில் நாம் விதையும் பையும் கொடுத்த பல வீடுகளில் மே மாதமே செடிகள் பட்டுப்போயின. தண்ணீர் ஊற்றாமல் அல்ல, ஊற்றி ஊற்றியே! வெயிலுக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் கொடுத்தது நம் தவறு.

மத்தியானம் இலை துவண்டதும் குடத்தைத் தூக்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகும் நிமிராவிட்டால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருக்க மேலும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஃபஜ்ரு தொழுததும் ஊற்றுவதே நல்லது. உளூ செய்யும் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். சோப்பு கலக்காத தண்ணீர், செடிக்கு ஆகும்.

கொதிக்கிற தளமும் வேரை வேகவைக்கும். பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணை மூடக் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போதும். மேலே 50 சதவீத நிழல்வலை, இல்லையென்றால் பழைய வெள்ளை வேட்டி.

35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும்; உரம் போட்டு நிறுத்த முடியாது. இப்போதைக்கு வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள்.

நிழல்வலை வாங்க வசதியில்லாதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பெயர் கொடுங்கள். தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினாலும் போதும்.