எண்ணையும் கேள்வி கேளுங்கள்
(ஆரணி திருமலையில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)

2020-ல் கொரோனா வந்தபோது ஜனங்களின் மனக்கஷ்டம் எவ்வளவு என்று பல ஆராய்ச்சிகள் நடந்தன. அவ்வறிக்கைகளை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இந்திய மனநல மருத்துவர் சங்கத்தார் 2020 ஏப்ரலில் இணையம் வழியாய்க் கேட்டு, 1,685 பேர் பதிலிலிருந்து, 100-க்கு 40 பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ உண்டென்று எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல், அவை முதல் வருஷத்தில் 100-க்கு 25 பங்கு அதிகரித்ததாய் எழுதியது. 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அறிக்கையோ, ஒரே கூட்டத்தாரை முன்னும் பின்னும் அளந்த 137 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, பொது ஜனங்களிடம் பெரிய மாறுதலில்லை, பெண்களுக்குத்தான் சற்று மோசம் என்றது.

இவற்றில் எது பொய்? ஒன்றும் பொய்யல்ல. கேட்ட கேள்வி வேறு, கேட்கப்பட்ட ஆட்கள் வேறு. முதலாவதில் "முன்பு எவ்வளவு?" என்ற கணக்கில்லை. கடைசியில் பெரும்பாலும் வசதியுள்ள நாட்டார். கைபேசிக்காரனிடம் போகும் கேள்வி, கூலியின்றிச் சும்மா கிடந்த தறிமுன் உட்கார்ந்த நெசவாளியிடம் எளிதில் வந்து சேருமா?

ஆனாலும் ஆராய்ச்சிக்காரன் தன் குறையைத் தானே அறிக்கையில் எழுதிவைக்கிறான். மாரியாத்தா கோபமென்று கூழ் வார்க்கச் சொல்லும் பூசாரி, "எனக்குத் தெரிந்தது இவ்வளவே" என்று எப்போதாவது சொன்னதுண்டா? குறையை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் தலைப்பில் போடும் பத்திரிகைக்காரனும் பூசாரிக்குத் தம்பியே.

ஆகையால் தோழர்களே! "ஆராய்ச்சி சொல்லுகிறது" என்று எவர் வந்தாலும், யாரைக் கேட்டீர்கள், எத்தனை பேரை, எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அடுத்த கணக்கில் எங்கள் தறிக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேளுங்கள்.