திண்டுக்கல் 90 மீட்டர் இறங்கிய கதை

இந்த எபிசோட் ஒரு பக்-ல ஆரம்பிக்குது. நான் எழுதின ஆப்-ல இருந்த பக் தான்.

சிறுமலை அடிவாரத்துல சித்தப்பாவுக்குத் தோட்டம். "ஏன்டா, போன்லயே உயரம் காட்டுமாமே? கிணத்துல இருந்து மேற்கு வயலுக்குத் தண்ணி ஓட வாட்டம் இருக்கான்னு பாரேன்"னு கேட்டார். ஆண்ட்ராய்டில் சின்னதா ஒரு ஆப் எழுதி, முதல்ல திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு சோதிச்சேன். போர்டுல போட்டிருக்கிற உயரத்தைவிடக் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைவு! நாய்ஸ்னு நினைச்சு ஆயிரம் ரீடிங் எடுத்து சராசரி போட்டேன். அசையல.

நாய்ஸ்னா சராசரியில கரையணும். இது கரையாததுக்குக் காரணம் வேற. ஜிபிஎஸ் உயரத்தை எலிப்சாய்ட்ல இருந்து அளக்குது. அதாவது, துருவத்தில் லேசா தட்டையான, வழவழப்பான ஒரு கணித உருண்டை. கடல் மட்டம் அப்படி வழவழன்னு இல்ல. ஈர்ப்பு விசை சொல்ற இடத்துல நிக்கும். அந்தப் பரப்புதான் ஜியாய்ட். நம்ம பக்கம் அது எலிப்சாய்டுக்குக் கீழே இருக்கு. இலங்கைக்குத் தெற்கே 106 மீட்டர் வரை இறங்குது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான்.

இந்தப் பரப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எம்-3 பேப்பர்ல ஃபூரியர் சீரிஸ் படிச்சோமே, அதையே உருண்டை மேல போடுறாங்க. பேரு ஸ்பெரிக்கல் ஹார்மோனிக்ஸ். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கோஎஃபிஷியன்ட், ஒவ்வொரு அளவீடும் ஒரு சமன்பாடு, மொத்தத்துக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ். இஜிஎம்2008 மாடல்ல 46 லட்சத்துக்கும் மேல கோஎஃபிஷியன்ட் இருக்கு. அவ்வளவு இருந்தும் சுமார் 9 கிலோமீட்டரைவிடச் சின்ன மேடு பள்ளம் அதுல தெரியாது.

சாட்டிலைட் மட்டும் போதாதா? போதாது. மேலே போகப் போக சின்ன அலைகள் மங்கிடும். கணக்குப் போட்டு அதைத் தரைக்கு இறக்கினா, அளவீட்டுப் பிழையும் சேர்ந்து ஊதிப் பெருசாகும். அதனால தரையில கிராவிமீட்டர் வச்சு அளந்துதான் ஆகணும். அளக்காத ஊர்ல மாடல் ஒப்பேத்தும்.

ஆப்-ல மாடலைச் சேர்த்ததும் 90 மீட்டர் சரியாச்சு. ஆனா போன் ஜிபிஎஸ் எப்படியும் சில மீட்டர் தப்பும். வாய்க்காலுக்கு வேண்டியது சென்டிமீட்டர். கடைசியில கொத்தனார்கிட்ட டியூப் லெவல் வாங்கினோம். ட்யூப்ல நிக்கிற தண்ணிக்கு மாடலே வேண்டாம், ஈர்ப்பு நிலையாற்றல் சமமா இருக்கிற மட்டத்துல அதுவா நின்னுடும்.

வயல்தான் நாலு விரக்கடை உசரமா இருந்துச்சு. சித்தப்பா இப்போ பைப் விலை விசாரிக்கிறார்.