கைமாறி வரும் கார்



சந்தைக்குச் சென்று மாடு பிடிக்கும் உழவர் எதையும் வாய்ச்சொல்லால் நம்பிவிடுவதில்லை. பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசத் தொடங்குவார். பழைய கார் வாங்கச் செல்லும் படித்தவர்கள் பலரோ, முதலில் விலையைப் பேசுகிறார்கள். அடுத்து நிறத்தைப் பார்க்கிறார்கள். வீட்டிற்குக் கொண்டுவந்த பின்னரே வண்டியைப் பார்க்கிறார்கள். இன்று மாணவர்களாக இருக்கும் உங்களில் பலர், வேலையில் அமர்ந்த சில ஆண்டுகளில் பழைய கார் ஒன்றை வாங்க எண்ணக்கூடும். அன்று கைமாறப்போவது உங்கள் பல ஆண்டுச் சேமிப்பு. ஆகவே அதனைப் பற்றி இப்போதே சிறிது எண்ணிப் பார்ப்பது நலம்.

இவ்வணிகத்தின் அடிப்படைச் சிக்கலை 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். கோளாறுள்ள காரை அமெரிக்கர் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பர். கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறிய இயலாதவர், இரண்டுக்கும் நடுவான விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். கெட்ட வண்டிக்காரரோ மகிழ்ச்சியோடு விற்பார். இது தொடருமானால் சந்தையில் கெட்ட வண்டிகளே மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த இக்கட்டுரையே, அவருக்கு 2001-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது.

இதிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று உண்டு. பழைய கார் வாங்கும்போது, நமக்குத் தெரிந்ததற்கு மட்டுமன்றித் தெரியாததற்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். தெரியாததை ஆராய்ந்து குறைத்துக்கொள்வது ஒரு வழி. ஆராய்ந்த பின்னும் மிஞ்சுவதற்காகப் பணம் ஒதுக்கி வைப்பது மற்றொரு வழி. இரண்டும் வேண்டும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஒருவரிடம் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 4 லட்சத்திற்குக் கார் தேடுவாராயின், வாங்கிய மறுநாளே கடன்காரர் ஆவார். பெயர் மாற்றத்திற்கும் இன்ஷூரன்ஸுக்கும் 20,000. டயர், பாட்டரி, ஆயில் முதலியவற்றை மாற்ற 40,000. எதிர்பாராத பழுதுக்கு 20,000. ஆக 80,000 ரூபாயை அவர் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டி அவருடைய வண்டியன்று; அதைப் பார்க்கவும் போகலாகாது.

அடுத்தது மாதச் செலவு. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், லிட்டர் விலை 100 ரூபாய் என்று கொண்டால், பெட்ரோலுக்கு 5,000 ரூபாய் ஆகும். நான்கு டயர்கள் 20,000 ரூபாய் விலையில் 40,000 கிலோமீட்டர் உழைக்குமானால், கிலோமீட்டருக்கு 50 காசு. மாதம் 400 ரூபாய். இன்ஷூரன்ஸுக்கு 1,000, பராமரிப்புக்கு 1,500 என்று சேர்த்தால் மொத்தம் 7,900 ரூபாய். எண்கள் ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும். கணக்கிடும் முறை மாறாது. கடன் வாங்குவோர் இதன்மேல் தவணையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய காருக்கான கடனுக்குப் புதிய காருக்கானதைவிட வட்டி பெரும்பாலும் கூடுதல் என்பதையும் மறக்கலாகாது.

இனி வண்டியை ஆராய்வோம். நான் கார் பார்க்கச் செல்வதாயின் விடியற்காலை நேரத்தையே கேட்பேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் உண்மை வெளிப்படும். முன்மூடியைத் தொட்டால் சுடுமாயின், நமக்கு முன்பே யாரோ அதனைக் கிளப்பிப் பழக்கியிருக்கிறார் என்று பொருள். புகையும் பேசும். நீலப் புகை வருமாயின் ஆயில் எரிகிறது. கரும்புகை வருமாயின் எரிபொருள் முற்றும் எரியவில்லை. என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை அடர்ந்து வருமாயின், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடிய தூரம் 30,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும். பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். இரண்டில் ரப்பரை நம்புவதே அறிவுடைமை. சர்வீஸ் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் குறித்துள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

நம் மாநிலத்தில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டியைக் கழுவித் துடைத்து விற்றுவிடலாம். ஆனால் தடம் முழுவதும் அழிவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தென்படலாம். இருக்கையின் அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கலாம். கண்ணாடிகளைச் சற்று நேரம் மூடி வைத்துத் திறந்தால் ஈரவாடை வரலாம்.

இவ்வளவும் பார்த்த பின்னும், நமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிற்கு ஓரிரண்டாயிரம் ரூபாய் கூலி கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அக்கூலி வீண் என்று வருந்துவோர் உண்டு. அதுவே மிகுந்த ஊதியம் தந்த செலவு என்பது என் கருத்து. விற்பவர் இச்சோதனைக்கு இசையவில்லையெனில், அதுவும் ஒரு விடையே.

இறுதியாக ஆவணங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்திருப்பின், வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்கள் உள்ளன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றவும் வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழையவர் ஈட்டிய நோ கிளைம் போனஸ் அவருக்கே உரியது. வண்டியோடு அது வாராது.

'பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது பேராபத்து. விற்றுப் பலர் கைமாறிய ஒரு காரால் விளைந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டதால் மட்டும் விற்றவரின் பொறுப்பு நீங்கிவிடவில்லை. எனவே இருவருக்குமே இதில் கவலை வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் வாங்கும் காரும் ஒருநாள் மற்றொருவர் கைக்குப் போகும். வாங்கிய நாள்முதல் சர்வீஸ் சீட்டுகளையும் ரசீதுகளையும் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில், கேட்பதற்கு முன்பே அவ்வுறையை எடுத்துக் கொடுத்து, வண்டியின் குறையையும் நிறையையும் உள்ளபடி சொல்லுங்கள். நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைக்க அதுவே வழி. உங்களிடம் வாங்குபவரும் பல ஆண்டுச் சேமிப்பைத்தான் கையில் எடுத்து வந்திருப்பார்.